நரி போட வந்த புதுக் கூரை

காட்டோரம் ஆள் விட்டுப்போன பழைய ஓட்டு வீட்டில் சாம்பி என்ற முயல் குடியிருந்தது. அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. எல்லாம் பச்சைக் குட்டிகள், நனைந்தால் தாங்காது.

முதல் மழைக்கே குட்டிகளின் படுக்கைமேல் சொட்டுச் சொட்டென்று ஒழுகியது. படுக்கையை நகர்த்தினால் வாசலுக்குத்தான் போக வேண்டும். வாசலிலோ பாம்பு பயம்!

பக்கத்து மரத்துக் குரங்கு ஓடி வந்தது. கூரைமேல் திமுதிமுவென்று நடந்து, ஒழுகிய இடத்துக்கு நேர் மேலே ஒரு புது ஓடு செருகியது.

"சாம்பி அக்கா, இனி காடே மூழ்கினாலும் உங்க வீடு நனையாது!"

அடுத்த மழையில் அதே இடம் ஒழுகியது. குரங்கு மிதித்த இடத்தில் இன்னொரு ஓடு உடைந்து, அங்கேயும் ஒழுகியது.

சாம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து நரி வந்தது.

"இது வீடா தங்கச்சி? சல்லடை! ஒட்டுப்போட்டு எத்தனை நாள் ஓட்டுவே? மொத்தமாப் பிரிச்சுட்டுப் புதுக் கூரை போட்டுடலாம். பன்றி வீட்டுக்குக்கூட நான்தான் பிரிச்சேன்."

"அதுவரைக்கும் குட்டிங்க எங்கே அண்ணே இருக்கும்?"

"என் குகை எதுக்கு இருக்கு? சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்!" கருணையில் நரியின் நாக்கே நனைந்துவிட்டது.

சாம்பிக்கு மனசு ஒப்பவில்லை. பன்றியிடம் போய் விசாரித்தது.

"நல்ல வேலைக்காரன்தான்," என்றது பன்றி. "பிரிச்சுட்டான். போடுறதுக்கு நல்ல நாள் பார்த்துக்கிட்டிருக்கான். ஆனா இப்போ ஒழுகலே இல்லை! கூரை இருந்தாத்தானே ஒழுக?"

"உங்க குட்டிங்க?"

"அவன் குகையிலதான். எப்போ போனாலும், தூங்குது, எழுப்பாதேங்கிறான்."

"ஐயோ, இன்னுமா தூங்குது? உடனே போய் எழுப்பிப் பாருங்க!" என்று கத்திவிட்டு, சாம்பி ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடியது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

இந்த முறை சாம்பி தலையில் கை வைத்து உட்காரவில்லை. அண்ணாந்து பார்த்தது. சொட்டு விழும் இடத்துக்கு மேலே ஓடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தாங்கிய மரச்சட்டத்தில் ஈரம் ஒரு கோடாக மின்னியது. மேலே எங்கோ நுழைந்த தண்ணீர், சட்டத்தோடு வழிந்து வந்து இங்கே சொட்டுகிறது!

சாம்பி குரங்கைக் கூப்பிட்டது. "தம்பி, கூரைமேல ஏறாதே, மிதிச்சது போதும்! உள்ளே வா. இந்த ஈரத்தைப் பிடிச்சுக்கிட்டே மேலே போ!"

குரங்கு சட்டத்தைப் பற்றி ஏறியது. முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓடு சரிந்து கிடந்தது. அதை மேல் ஓட்டுக்கு அடியில் தள்ளிவிட்டது. உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு செருகியது. வேலை அவ்வளவுதான்.

சாயங்காலம் நரி கூடையோடு வந்தது.

"என்ன தங்கச்சி, ஒழுகலையே!" அதன் குரலில் கவலை தெரிந்தது.

"ஒரு ஓடு சரிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான் அண்ணே. அதுக்கு எல்லாத்தையும் பிரிக்கணுமா? நீங்க கிளம்புங்க."

மழை வலுத்தது. குட்டிகள் பால் குடித்துத் தூங்கின. நரி மட்டும் வெளியே நனைந்துகொண்டு, எங்காவது ஒழுகாதா என்று கூரையையே பார்த்துக்கொண்டு நின்றது.

எங்கே ஒழுகுகிறது என்று தானே பார்க்காதவர்கள், கூரையையே பிரிக்கச் சொல்பவர்களை நம்பி ஏமாறுவார்கள்.