குலம் சொன்ன காது

குறும்பலாக்கோட்டையில் ராஜாவுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. புத்திக்குத்தான் அவ்வப்போது வரும். அப்போதெல்லாம் அரண்மனை விகடகவி மருதையனைக் கூப்பிடுவார்கள். காரியம் முடிந்ததும் மறந்துவிடுவார்கள். மருதையனுக்கு அது பழகிப்போயிருந்தது. மறக்கத்தான் இல்லை.

ஒருநாள், பக்கத்து நாட்டில் பிள்ளைகளுக்கு இசைப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று ராஜா செவ்வந்தியப்பர் காதில் விழுந்தது. விடுவாரா? உடனே ஒரு மண்டபம் எழும்பியது. "ஊர்ப் பிள்ளைகள் யாரும் வரலாம், பிடித்த வாத்தியத்தை எடுக்கலாம்" என்று தண்டோரா போட்டார்கள்.

முதல் நாள் மண்டபம் சந்தைக்கடை ஆனது. செக்குக்காரர் மகன் மத்தளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மறுத்தான். ஒருவன் நாகசுரத்தை ஊதினான். எச்சில் வந்தது, சத்தம் வரவில்லை. மளிகைக்காரர் மகன் தாளத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டான். "இதுதான் தூக்க லேசு" என்றான். இளவரசனுக்கு வீணை என்று பெரியவர்களே முடிவு செய்திருந்தார்கள். பாவம், அவனை யாரும் கேட்கவில்லை.

அப்போது ஒரு சிறுமி நேராக வந்து இன்னொரு வீணையின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு தந்தியைத் தொட்டாள். அது அதிர்ந்து அடங்கும்வரை மூச்சு விடவில்லை.

ஆஸ்தான வித்துவான் வீணை கோதண்டபாணி பதறி ஓடிவந்தார்.

"எழுந்திரு! யார் வீட்டுப் பிள்ளை நீ?"

"காளவாசல்ல சுண்ணாம்பு சுடுற வேம்பாயி மக, சாமி. பேரு பவளாயி."

"காளவாசலா! மகாராஜா, வீணை குலமறிந்து பேசும் வாத்தியம். இவளுக்கு ஒரு ஜால்ராவைக் கொடுத்து ஓரமாக உட்கார வையுங்கள்."

"ஜால்ராவுக்கு அரண்மனையில் ஏற்கெனவே ஆள் அதிகம்" என்றான் கூட்டத்தில் நின்ற மருதையன்.

"எனக்கு இதுதான் வேணும்" என்று பவளாயி வீணையின் குடத்தைக் கட்டிக்கொண்டாள்.

மருதையன் மண்டபத்துச் சுவரைப் பார்த்தான். பளபளவென்றிருந்த அந்தச் சுண்ணாம்பு வேம்பாயி சுட்டது. சுண்ணாம்புக்கு உள்ளே இடம் உண்டு, சுட்டவள் மகளுக்கு இல்லை! அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"வித்துவானே, வீணை குலம் பேசுகிறது என்கிறீரே, அது உம் காதுக்குக் கேட்குமோ?"

"கேட்காமல்? திரைக்குப் பின்னால் யாரை வேண்டுமானாலும் வாசிக்கச் சொல்லும். விரல் பட்டதும் குலம் சொல்வேன்."

"உயர்ந்த குலம் என்று உம் காது சொல்லிவிட்டால்?"

"என் பக்கத்தில் உட்கார வைத்து நானே சொல்லிக்கொடுப்பேன். இது சபையில் சொன்ன சொல்!"

"அதையே ஆணையாக்கினோம்" என்றார் ராஜா. "நாளைக் காலை சோதனை. வித்துவான் காது ஜெயித்தால் இந்தப் பெண் காளவாசலுக்குத் திரும்ப வேண்டும்."

"நானும் கூடப் போய்ச் சுண்ணாம்பு சுடுகிறேன்" என்றான் மருதையன்.

பவளாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குக் கை கொப்பளிச்சுப் போகும், மாமா" என்றாள்.

மறுநாள் மண்டபத்தின் குறுக்கே கனத்த திரை தொங்கியது. சபை கூடியது. கோதண்டபாணி கண்ணை மூடி உட்கார்ந்தார். மூக்கு மட்டும் சுளித்தது.

"என்னவோ நாறுகிறதே? சரிதான், காளவாசல் பிள்ளை உள்ளே வந்துவிட்டாள்."

மருதையன் அதைத் திருத்தவில்லை. எதிராளி தானே பள்ளம் தோண்டும்போது மண்வெட்டியைப் பிடுங்குவானேன்?

"இருவர் வாசிப்பார்கள், வித்துவானே. இது முதலாவது" என்று மட்டும் சொன்னான்.

திரைக்குப் பின்னால் ஒரு தந்தி மெல்ல அதிர்ந்தது. நின்றது. பயந்து பயந்து இன்னொன்று. மறுபடி மௌனம்.

"ஆகா, அப்பட்டம்!" என்று தொடையைத் தட்டினார் கோதண்டபாணி. "குனிந்தே பழகிய கை. ஏழு தலைமுறையாக மண் சுமந்த கை. இதற்கு வீணை எதற்கு? கூடையைக் கொடுங்கள்!"

"இது இரண்டாவது."

டிங்! டொடொய்ங்! பறட்! கீழ்த்தந்தியிலிருந்து மேல்தந்திக்கு ஒரு பாய்ச்சல். தந்தியெல்லாம் சேர்ந்து அலறின. சபையில் இரண்டு பேர் காதைப் பொத்தினார்கள். கோதண்டபாணி கணக்குப் போட்டார். முதலில் வந்தது காளவாசல் என்றால், இது இளவரசன்தானே! அவர் முகத்தில் நிலா உதித்தது.

"இதுவல்லவா கை! யாருக்கும் அஞ்சாத கை, யாரையும் கேட்டுப் பழகாத கை! பூர்வஜென்ம சங்கீதம், மகாராஜா! இந்தக் குழந்தை என் சிஷ்யன். இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்!"

"திரையை விலக்குங்கள்" என்றான் மருதையன்.

விலக்கினார்கள். இடப்பக்கம் இளவரசன். மண் சுமந்த கையென்று பேர் வாங்கிய கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழத் தயாராக நின்றான். வலப்பக்கம் மகாராணியின் வெள்ளைப் பூனை. முன்னங்கால் இரண்டும் வீணைமேல் இருந்தன. எதிரே பவளாயி நூலில் கட்டிய நெத்திலிக் கருவாட்டைத் தந்திமேல் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ராஜாவின் முகம் மகனைப் பார்த்துச் சிவந்தது. பூனையைப் பார்த்ததும் மீசை துடித்தது. பூனை கருவாட்டைக் கவ்விக்கொண்டு, கோதண்டபாணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கடித்தது. அவ்வளவுதான், ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது. ராஜா சிரித்த பிறகுதான் சிரித்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

"மகாராஜா, ஆணை ஆணைதான்" என்றான் மருதையன். "சிஷ்யன் இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டான். பாடம் தொடங்கட்டும்."

"தொடங்கட்டும்!" என்றார் ராஜா. "வித்துவானே, வருகிற நவராத்திரிக்கு இந்தப் பூனை கச்சேரி செய்ய வேண்டும்."

கோதண்டபாணி மெல்லப் பூனையின் காலைத் தொட்டுத் தந்திமேல் வைத்தார். அது அவர் கையில் நீளமாக ஒரு கீறல் போட்டது.

"ஓய் மருதையா, காப்பாற்றும்! அந்தப் பெண்ணுக்கே சொல்லிக்கொடுக்கிறேன். மனதாரச் சொல்லிக்கொடுக்கிறேன்!"

"அதெப்படி, ஐயா? அவள் குலம்?"

கோதண்டபாணி ரத்தம் கசியும் கையை உதறிக்கொண்டு கத்தினார்:

"குலம் என்னய்யா குலம்! பூனையாக இல்லாமலிருந்தால் போதும்!"