கழுத்துத் தண்ணிக் கணக்கு

மூளையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய கதை இது. இதில் வருகிறவர்களும் அப்படித்தான் வைத்தார்கள். எங்கே வைத்தோம் என்பதுதான் மறந்துபோச்சு.

ஒரு ஏரி. அதன் கீழே நெட்டேரி, குட்டேரி, வட்டேரி என்று மூன்று ஊர். ஏரி உடைந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று கணக்குப் போட ஊருக்கொரு கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்த அதிகாரி சொன்னார்: "பெரிய கணக்கு, ஒண்ணு தாங்காது. மூணு ஊரும் வேலையைப் பங்கு போட்டு ஒரே நேரத்துல ஓட்டுங்க. முடிச்சிட்டு சும்மா இருக்கிறது, முடிக்காததுக்குக் கை கொடுக்கட்டும்."

நெட்டேரித் தலைவர் ஏகாம்பரம் அண்ணாந்து பார்த்தார். வருஷப் பாடு முழுக்க மல்லாட்டையாக, அதாவது நிலக்கடலையாக, களத்தில் குவிந்து கிடக்க, வானம் கருகருவென்று இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க, மல்லாட்டய மூட்டை கட்டி மேட்டுக்கு ஏத்திடலாமே," என்றாள் மனைவி பச்சையம்மா.

"கணக்கு வராம ஏத்தினா, கம்ப்யூட்டர் எதுக்குடி?"

மூன்று தலைவர்களும் பங்கு போட உட்கார்ந்தார்கள்.

"முழங்கால் வரைக்கும் வர்ற தண்ணிய நாங்க பாத்துக்கிறோம்," என்றார் ஏகாம்பரம்.

"அங்கிருந்து இடுப்பு வரைக்கும் குட்டேரி," என்றார் கோதண்டம்.

"அப்போ கழுத்துத் தண்ணி எங்களுக்கா? ஆபத்தான வேலைன்னா வட்டேரிதான் கெடைச்சுதா?" என்று முறுக்கிக்கொண்டார் முனிரத்தினம். டீயும் வடையும் வாங்கிக்கொடுத்துத்தான் சரிக்கட்ட முடிந்தது.

அடுத்து, ஒரே நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். போன்மேல் போன்.

"நீங்க ஆரம்பிங்க, நாங்களும் ஆரம்பிக்கிறோம்."

"நாங்க முன்னாடி ஆரம்பிச்சா அது ஒரே நேரமாய்யா?"

வாதம் முடிவதற்குள் மழையே ஆரம்பித்துவிட்டது. கடைசியில், இடி இடித்ததும் மூன்று ஊரும் பட்டனை அமுக்குவது என்று முடிவாச்சு. அமுக்கினார்கள்.

முழங்கால் கணக்கு முடிந்தது. தண்ணீர் நிச்சயம் வரும் என்றது.

"முழங்கால் வந்தாலே மல்லாட்ட போயிடுமே!" என்று கத்தினாள் பச்சையம்மா.

"மூணுல ஒரு பங்குதான் வந்திருக்கு. அவசரக்குடுக்கை!"

இடுப்புக் கணக்கும் வந்தது. சும்மா இருந்த இரண்டு கம்ப்யூட்டரையும் தார்ப்பாய் சுற்றி டிராக்டரில் ஏற்றி, கை கொடுக்க வட்டேரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக்.

"விருந்தாளி வந்திருக்கையில நம்மது மட்டும் கரண்டு குடிக்கிறது மரியாதையா?" என்று முனிரத்தினம் பாதிக் கணக்கில் தன்னுடையதைப் பிடுங்கி, வந்தவற்றுக்கு மாற்றி மாற்றிச் செருகி உபசரித்தார். அப்புறம் தன் கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அதற்குள் ஏரி உடைத்துக்கொண்டது. நெட்டேரிக் களத்தில் கடைசிக் கணக்குக்காகக் காத்து நின்ற ஏகாம்பரத்துக்கும் கோதண்டத்துக்கும் முழங்கால் நனைந்தது. "நம்ம கணக்கு கரெக்ட்!" என்று ஏகாம்பரம் கைதட்டினார். இடுப்பு நனைந்தபோது கோதண்டம் கைதட்டினார். கடலை மிதந்து, சுழன்று, குட்டேரிப் பக்கம் போயே போச்சு. தண்ணீர் இடுப்போடு நின்றுவிட்டது.

அப்போதுதான் வட்டேரியிலிருந்து போன்: "கணக்கு முடிஞ்சுதுங்க, கழுத்து வரைக்கும் வருது!"

இருவரும் குனிந்து பார்த்தார்கள். இடுப்புதான்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?" என்றார் கோதண்டம்.

"பண்ணாது," என்றார் ஏகாம்பரம்.

மேட்டிலிருந்து பச்சையம்மா கூவினாள்: "கடலைதான் போச்சு, நீங்களாவது ஏறி வாங்க! தண்ணிக்குள்ள ஏன்யா ரெண்டு பேரும் குந்திக்கினு இருக்கீங்க?"

"கத்தாதடி!" என்றார் ஏகாம்பரம், தாடையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி. "இப்பதான் கணக்கு சரியா வந்திருக்கு. எழுந்தா தப்பாயிடும்!"