பாடத்துக்குக் காவல் இருந்த முள்ளம்பன்றி

ஆற்றின் தென்கரையில், மூங்கில் புதரின் அடியில், கூர்மதி என்ற முள்ளம்பன்றி தன் மகள் கொவ்வையுடன் வளை தோண்டி வாழ்ந்து வந்தது. அந்தக் காட்டில் கூர்மதியை ஏமாற்றியவர் எவரும் இல்லை. ஏனெனில் கூர்மதி எவரையும் நம்பியதே இல்லை. தானே தோண்டிய கிழங்கைக்கூட முகர்ந்து, புரட்டி, மறுபடியும் முகர்ந்த பிறகுதான் தின்னும். வழியில் யாராவது வணக்கம் சொன்னால், எதற்காகச் சொன்னார் என்று வீடு வந்து சேரும்வரை யோசிக்கும்.

வடகரையில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. அதன் நிழலில் பள்ளி நடந்தது. பேரலகர் என்ற இருவாச்சிப் பறவை அங்கே ஆசிரியர். தென்கரைக் குட்டிகள் ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் நடந்து போய்ப் படித்து வந்தன. கொவ்வைக்குப் பள்ளி என்றால் உயிர். சருகுமான் குட்டிக்கும் கீரிக் குட்டிக்கும் நடுவில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது.

பாதி ஆண்டு கடந்த வேளையில் பெருமழை பெய்தது. வெள்ளம் அந்த மரத்தைப் புரட்டிக்கொண்டு போய்விட்டது. ஆசிரியர் பறந்து வரலாம். ஆனால் வடகரைக் குட்டிகளை விட்டுவிட்டு வர முடியுமா? தென்கரைக் குட்டிகள்தான் பறந்து போக முடியுமா?

பேரலகர் ஒரு வழி கண்டார். ஆற்றின் நடுவே குடைவான பெரிய பாறை ஒன்று நின்றது. யார் எந்த வளைவாயிலிலிருந்து பேசினாலும், அந்தப் பாறை அந்த ஓசையை வாங்கி மற்ற வளைகளுக்கெல்லாம் அனுப்பிவிடும். மெல்லிய முணுமுணுப்பைக்கூட அது விட்டுவைப்பதில்லை.

"நாளை முதல் அவரவர் வீட்டு வாசலில் உட்காருங்கள்! நான் பாறையின் பின்னாலிருந்து பாடம் சொல்வேன். பெயர் சொல்லி அழைத்தால் பதில் சொல்லுங்கள்!" என்று அவர் அறிவித்தார்.

கூர்மதிக்கு இது பிடிக்கவில்லை.

"முகத்தைக் காட்டாமல் ஒருவர் பாடம் சொல்வதாம்! குரல் மட்டும் நம் வீட்டுக்குள் வருவதாம்! இதில் ஏதோ இருக்கிறது" என்றது.

"அது நம் வாத்தியார் குரல்தான் அம்மா!" என்றது கொவ்வை.

"மைனாகூட யார் குரலில் வேண்டுமானாலும் பேசும். நீ சும்மா இரு! நான் உன் பின்னால் காவல் இருக்கிறேன்."

மறுநாள் வகுப்பு தொடங்கியது.

"சருகுமான்!"

"இருக்கிறேன் ஐயா!"

"கீரி!"

"இருக்கிறேன் ஐயா! வால்கூட இருக்கிறது ஐயா!"

குட்டிகள் சிரித்தன.

"கொவ்வை!"

கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தன் மகளைப் பெயர் சொல்லி அழைத்ததும், கூர்மதியின் முதுகு விறைத்தது. முட்கள் குத்திட்டு எழுந்தன.

அடுத்த கணம் வகுப்பு முழுவதும் அடங்கிப் போயிற்று. ஒரு குட்டியும் மூச்சுவிடவில்லை. ஆசிரியரும் பேசவில்லை. கொவ்வையும் தலையைத் தாழ்த்தி வாயை மூடிக்கொண்டது. நெடுநேரத்துக்குப் பிறகு ஆசிரியர் தணிந்த குரலில், "சரி, பாடத்துக்குப் போவோம்" என்றார்.

கூர்மதியின் கண்கள் சுருங்கின. 'என் மகளின் பெயர் வந்தால் மட்டும் எல்லாரும் வாயடைத்துப் போகிறார்களே! இது தற்செயல் அல்ல!'

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மற்றக் குட்டிகளின் பெயர் வந்தால் கேள்வி, பதில், கேலி, சிரிப்பு. கொவ்வையின் பெயர் வந்தால் மௌனம். நாளடைவில் கொவ்வை பாட நேரம் நெருங்கினாலே வளையின் மூலையில் ஒடுங்கத் தொடங்கியது. கிழங்கைக் கொறித்துவிட்டுப் பாதியில் வைத்துவிடும்.

ஒரு நாள் மலையணில் ஆசிரியரிடமிருந்து செய்தி கொண்டுவந்தது.

"கூர்மதியம்மா! கொவ்வை இதுவரை ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லையாம். அமாவாசைக்கு முந்திய நாள் தேர்வு. அன்றைக்கும் வாய் திறக்காவிட்டால், புதிதாகச் சேரும் சின்னஞ்சிறு குட்டிகளோடு முதலிலிருந்து படிக்க வேண்டுமாம்."

"அவ்வளவுதானா?"

"இன்னொன்றும் சொல்லச் சொன்னார். பாட வேளையில் பெரியவர்கள் வாசலில் உட்கார வேண்டாமாம். ஏனென்றால்..."

"ஏனென்றால் நான் அங்கே இருந்தால் அவருடைய குட்டு உடைந்துவிடும்! போய்ச் சொல்!" என்று கூர்மதி ஓரடி முன்னால் வைத்தது.

அணில் பாதிச் சொல்லோடு மரத்தின் உச்சிக்கு ஓடிவிட்டது.

கூர்மதி மகளிடம் திரும்பியது. "ஏன் பதில் சொல்வதில்லை? உண்மையைச் சொல்!"

"நீங்கள் பின்னால் இருந்தால் என்னால் முடியவில்லை அம்மா. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றால்..."

"இப்படிச் சொல்லும்படி உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? அந்தக் கீரிப் பயலா?"

கொவ்வை வளையின் மூலைக்கு நகர்ந்தது. சொல்லும் பதிலுக்கெல்லாம் மறுகேள்வியே வரும் வீட்டில் பேசி என்ன ஆகப்போகிறது என்று அந்தக் குட்டிக்கும் தெரிந்துவிட்டது.

கூர்மதி யோசித்தது. 'நான் இருக்கும்போது எல்லாரும் வேஷம் போடுகிறார்கள். நான் இல்லாதபோது என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன்!'

தேர்வு நாள் வந்தது. "நான் கிழங்கு தோண்ட மேட்டுக்குப் போகிறேன்!" என்று கூர்மதி எல்லா வளைகளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னது. பிறகு புதரைச் சுற்றிக்கொண்டு, பக்கத்து வளையில் வசித்த சுருளி என்ற அலங்கின் வீட்டுக்குள் நுழைந்தது. அலங்கு என்பது உடலெல்லாம் செதில் மூடிய, எறும்பு தின்னும் பிராணி. சிறிது பயந்தாலும் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

"வாருங்கள் கூர்மதியம்மா! என்ன விசேஷம்?" என்றது சுருளி.

"உளவு பார்க்க வந்தேன்."

"யாரை?"

"எல்லாரையும்!"

"என்னையுமா?"

"உங்களை அப்புறம் கவனிக்கிறேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்!"

வாசலில் சுருளியின் மகன் செதிலன் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது. கூர்மதி அதன் பின்னால் போய் அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டது.

"கொவ்வை!" என்று ஆசிரியர் அழைத்தார்.

மூலையிலிருந்து வாசலுக்கு நகர்ந்து வரும் காலடி ஓசை கேட்டது. பிறகு, "இருக்கிறேன் ஐயா" என்று ஒரு மெல்லிய குரல் வந்தது.

கூர்மதி திடுக்கிட்டது. அது மகளின் குரல்தான். மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

"காட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வாய்?"

"காற்று அடிக்கும் பக்கமே ஓடக் கூடாது ஐயா. தீ நம்மைவிட வேகமாக வரும். காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும். அப்படி ஓடும்போது..."

கூர்மதிக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. ஒரு கணம்தான். 'நான் இல்லாத அன்றைக்கு மட்டும் இவளுக்கு எப்படிப் பதில் வருகிறது? நான் இங்கே ஒளிந்து கேட்பதை யாரோ துப்புச் சொல்லியிருக்கிறார்கள்!' அது சுருளியை ஓரக்கண்ணால் பார்த்தது. முதுகு விறைத்தது. முட்கள் எழுந்தன.

கலகலகலவென்று ஓர் ஓசை பாறைவரை போயிற்று.

கொவ்வையின் பேச்சு அறுந்தது. வகுப்பு அடங்கியது. காடே அடங்கியது. சுருளி பந்தாகச் சுருண்டுகொண்டது.

"கூர்மதியம்மா!" என்று பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "சிறுத்தை எந்தப் பக்கம்?"

"எந்தச் சிறுத்தை?"

"பின் எதற்கு முள்ளைக் குலுக்கினீர்கள்? முள்ளம்பன்றி முள்ளைக் குலுக்கினால் பகை வருகிறது என்று பொருள். கேட்டவர்கள் அசையாமல் கிடக்க வேண்டும். இது இந்தக் காட்டுச் சட்டம் அல்லவா?"

"நானா குலுக்கினேன்? இல்லவே இல்லை!"

"திரும்பிப் பாருங்கள்!"

கூர்மதி திரும்பிப் பார்த்தது. வால் முட்கள் ஒன்றோடொன்று மோதி ஆடிக்கொண்டிருந்தன. பிறந்த நாளிலிருந்து கூடவே இருந்த ஓசை. அதனாலேயே அதன் காதில் விழாத ஓசை.

அப்போது பாறை வழியாகக் கீரிக் குட்டியின் கிசுகிசுப்பு வந்தது. "அடேய், இன்றைக்குக் கலகல சத்தம் செதிலன் வீட்டிலிருந்து வருகிறது! கொவ்வையின் அம்மா வீடு மாறிவிட்டார்களா?"

ஒவ்வொரு நாளும் மகளின் பெயரை விழுங்கியது எது என்று கூர்மதிக்குப் புரிந்தது.

"கொவ்வை, பதில் பாதியில் நிற்கிறதே. மீதியைச் சொல்கிறாயா? முழுப் பதில் இல்லாமல் உன்னை மேலே அனுப்ப முடியாது" என்றார் ஆசிரியர்.

கூர்மதி முட்களை அடக்கப் பார்த்தது. அடங்கவில்லை. பதற்றம் கூடக் கூட ஓசையும் கூடியது.

"ஐயோ, நிறுத்துங்களேன்!" என்றது சுருளி.

"நிற்க மாட்டேன் என்கிறதே!" என்று கூர்மதி முதல்முறையாகக் கெஞ்சும் குரலில் சொன்னது.

அடுத்த நொடி வளையை விட்டுப் பாய்ந்தது. சரிவில் இறங்கி ஓடியது. ஆற்றோரத்தில் வெள்ளம் விட்டுப்போன சேறு கழுத்தளவு கிடந்தது. பெருமை மிக்க கூர்மதி அதில் போய்த் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தது. கறுப்புச் சேறு முட்களுக்கு நடுவே புகுந்து எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்தது. ஓசை நின்றது.

காட்டில் ஓர் இலையும் அசையவில்லை. கூர்மதி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"அப்படி ஓடும்போது..." என்று கொவ்வையின் குரல் தயங்கித் தயங்கி எழுந்தது. "ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம் தென்பட்டால், அதில் போய் நின்றுகொள்ள வேண்டும் ஐயா. தீ ஒரே நிலத்தை இரண்டு முறை தின்னாது."

"முழுப் பதில்!" என்றார் பேரலகர். "சருகுமானுக்கும் கீரிக்கும் நடுவில் உன் இடம் உனக்கே!"

'இவ்வளவு சீக்கிரம் பாராட்டிவிட்டாரே, ஏன்?' என்று கூர்மதிக்கு உடனே ஓர் ஐயம் எழுந்தது. முட்களும் எழப் பார்த்தன. சேறு விடவில்லை.

பாடம் முடிந்தபின் கூர்மதி வீடு திரும்பியது. கொவ்வை தாயை மேலும் கீழும் பார்த்தது. "என்ன அம்மா இது, இத்தனை சேறு?"

"மீதிக் கிழங்கைத் தின்று முடி. நாளை முதல் பாட நேரத்தில் நான் மேட்டுக்கு அப்பால் இருப்பேன். பாடம் முடிந்ததும் என்ன படித்தாய் என்று சொல். நீ சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கொவ்வை கிழங்கை எடுத்துக் கடித்தது.

கற்கும் பிள்ளைக்குக் காவல் நிற்க விரும்புகிறவர், பிறர்மேல் ஐயம் கொள்ளும் முன், தாம் எழுப்பும் ஓசையைத் தாமே கேட்டறிய வேண்டும்.