சேனாதிபதி கட்டிப்பிடித்த மரம்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் ஊருக்கே வயிற்றைக் கலக்கிய காலம். அப்படியொரு கடற்கரை நாட்டில், மேன்மாடத்தில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்க வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் கடல் தெரியவில்லை. சேற்றில் வேரூன்றிய அலையாத்திக் காடு நடுவில் மறைத்து நின்றது.

“அந்தக் காட்டினால் என்ன பயன்?” என்று சபையில் கேட்டார்.

சேனாதிபதி மழவரையர் முந்திக்கொண்டார். விகடகவி வெண்காடனுக்குக் கிடைக்கும் செல்வாக்கு அவர் கண்ணை நெடுநாளாக உறுத்தியது. அவன் தங்கை வாழ்க்கைப்பட்ட குப்பம் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருப்பதும் அவருக்குத் தெரியும்.

“கொசு வளர்ப்பதைத் தவிர ஒரு பயனும் இல்லை, மன்னா. அமாவாசை நல்ல நாள். அன்றே கோடரி வைத்துவிடலாம்” என்றார். உத்தரவும் ஆயிற்று.

செய்தி கேட்டுத் தங்கை செம்பாயி அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தாள். “அண்ணே, போன ஐப்பசிப் புயல்ல தெக்குக் குப்பத்தக் கடலு முழுசா வாரிக்கிட்டுப் போச்சு. அங்க மரம் இல்ல. நாங்க பொழச்சதே இந்தக் காட்டாலதான். இதையும் வெட்டிட்டா எம்புள்ளைங்கள எங்க கொண்டு போவேன்?”

ஊரைச் சிரிக்க வைத்தவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் எழுந்து நின்றான். “மன்னா, அந்தக் காடு நம் கடற்கரைக்குக் காவல். வெட்ட வேண்டாம்.”

மழவரையர் சிரித்தார். “மரமா காவல்? அந்த வேலையை என் வீரர்கள் செய்வார்கள்!”

“அப்படியே ஆகட்டும். நம் படையில் காவல் மாற்றும் முறை என்ன, சேனாதிபதி அவர்களே?”

“மாற்றாள் வந்து, பழைய காவலாளோடு ஒரு சாமம் சேர்ந்து நிற்க வேண்டும். அதன் பிறகே பழையவன் நகரலாம். நானே வகுத்த விதி அது!”

“அப்படியானால் மரம் நகர்வதற்கு முன்னும் மாற்றாள் நிற்க வேண்டுமே? முதல் ஆளாகத் தாங்களே நின்றால் வீரர்களுக்குப் பெருமை.”

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. “நிற்கட்டும். ஆனால் வெண்காடா, அவர் ஒரு சாமம் நின்றுவிட்டால் காடு முழுவதையும் வெட்டுவேன். பிறகு நீ வாய் திறக்கக் கூடாது” என்றார்.

அமாவாசையும் வந்தது. பட்டுடையும் வாளுமாக மழவரையர் காட்டின் கடலோர விளிம்பில், சேற்றில் போய் நின்றார். பக்கத்தில் படகில் ராஜா. அவர் காலடியில் வெண்காடன். அரைச் சாமம் ஆகியும் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. மழவரையர் மீசையை முறுக்கினார்.

வெண்காடன் கடலையே எட்டி எட்டிப் பார்த்தான். நல்ல நாள் பார்த்த சேனாதிபதி, அமாவாசையில் கடல் எவ்வளவு உயர ஏறும் என்று ஒரு குப்பத்தானையும் கேட்கவில்லை. அதை நம்பித்தான் இவன் வாயைக் கொடுத்திருந்தான். ஆனால் கடல் என்ன, இவன் வீட்டு வேலைக்காரனா? வராமல் போனால் குப்பத்தின் கதி என்ன? தங்கை முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

கடல் வந்தது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏறியது. காற்றும் சேர்ந்துகொண்டது. முதல் அலையில் தலைப்பாகை போயிற்று. இரண்டாவது அலையில் வாள் போயிற்று. மூன்றாவது அலைக்கு மழவரையர் பக்கத்து மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். மரம் அசையவில்லை.

“சேனாதிபதி, காவலை ஏற்றுக்கொண்டீரா? மரத்தை வெட்டச் சொல்லட்டுமா?” என்று கத்தினார் ராஜா.

“ஐயோ, வேண்டாம் மன்னா! இதை வெட்டினால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?”

ராஜா சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. சிரித்தபடியே திரும்பிப் பார்த்தார். இங்கே ஆளை உருட்டப் பார்த்த அலை, காட்டைக் கடந்து குப்பத்துப் பக்கம் போகும்போது வெறும் சலசலப்பாக இருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார். “இனி இங்கே மரம் வெட்ட நினைப்பவன் எவனானாலும், முதலில் அமாவாசையன்று அதன் இடத்தில் ஒரு சாமம் நிற்கட்டும்!” என்று ஆணையிட்டார்.

வெண்காடன் மாலையோடு குப்பத்துக்கு ஓடினான். செம்பாயி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, வெட்டுறாங்களா?”

“இல்ல தாயி. மாத்தி நிக்க ஆள் கெடைக்கல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே மூட்டையை அவிழ்த்து, உலைப்பானையை வெளியே எடுத்தாள்.