கத்திக் கத்திக் காத்த குடுக்கை

ஒரு காட்டில், ஓடை வளைந்து போகும் இடத்தில், ஒரு கூழாங்கல் திட்டு. அதில் ஓர் ஆட்காட்டிப் பறவை குடியிருந்தது. மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு, தொண்டையோ வெண்கல மணி. நேர்மையில் அதை ஒரு குறை சொல்ல முடியாது. அடுத்தவர் தினையில் ஒரு மணியைக்கூடத் தொடாது. தூக்கமும் கோழித்தூக்கம்தான். ஆனால் அதற்கு வாய் மட்டும் மூடாது.

அதற்கு ஒரு தோழி, முயல். பயந்த சுபாவம். பயப்படக் காரணமும் இருந்தது. போன மழைக்காலத்தில் பள்ளத்துப் புல்லில் குட்டி போட்டது. ஓடை பெருகி வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இப்போது மறுபடியும் வயிற்றில் குட்டிகள். "இந்தத் தடவை மேட்டில் ஒரு வளை இல்லாமல் பெறமாட்டேன்" என்று வைராக்கியமாக இருந்தது.

முயலுக்குத் தோண்ட வராது. வளை தோண்டித் தர அந்தக் காட்டில் ஒரே மேஸ்திரி, முள்ளம்பன்றி. அதுவோ, "முழுக் காசையும் மொத்தமாக என் முன்னால் வை. பிறகுதான் மண்ணில் நகம் வைப்பேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டது.

காட்டில் ஏது காசு என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. சந்தைக்குப் போகிறவர்கள் மடியிலிருந்து வழியெல்லாம் சிந்திவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் செல்கிற காசு அங்கே மட்டும் செல்லாதா என்ன?

பல் விழுந்த கிழமான்களுக்கு இளம்புல் கடித்துக் கொடுத்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, முயல் காசு சேர்த்தது. சேர்த்ததை ஒரு சுரைக்குடுக்கையில் போட்டது. ஆனால் அதை எங்கே வைப்பது? இலை அசைந்தால் எழுந்து ஓடுகிற பிழைப்பு முயலுடையது. குடுக்கையைக் கவ்விக்கொண்டு ஓடினால் காசு கலகலக்கும். அந்தச் சத்தத்துக்கே பயந்து இன்னும் வேகமாக ஓடும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஓடி ஓடிக் களைத்து, ஒருநாள் குடுக்கையை ஆட்காட்டியிடம் கொண்டுவந்து வைத்தது.

"அக்கா, இது என் பிள்ளைகளின் உயிர். உன்னை நம்பித் தருகிறேன்."

"கவலையை விடு. என் மூச்சு இருக்கிறவரை இதை ஒருத்தர் தொட முடியாது" என்றது ஆட்காட்டி. சொன்னதை மனசாரத்தான் சொன்னது.

குடுக்கையை ஒரு வெள்ளைக் கல்லுக்குப் பின்னால் மறைத்தது. மறுநாள் எருமை ஒன்று தன் பாட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனது.

"கிட்டே வராதே, கிட்டே வராதே. அந்த வெள்ளைக் கல் பக்கம் பார்க்காதே" என்று ஆட்காட்டி அலறியது.

எருமை நின்றது. "எந்தக் கல்?" என்று கேட்டது. அதுவரை அது எந்தக் கல்லையும் பார்த்ததில்லை.

இடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று ஆட்காட்டி பதறியது. எருமை போனதும் குடுக்கையை ஈச்சம்புதருக்கு மாற்றியது. தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டே போனது. அது உருள உருளக் காசு கலகலத்தது. "யாரும் இந்தப் பக்கம் திரும்பாதீர்கள்" என்று ஆட்காட்டி வழிநெடுகக் கத்தியதில், தூங்கிக்கொண்டிருந்த ஆந்தைகூடக் கண்ணைத் திறந்து பார்த்தது.

பிறகு ஒருநாள் கீரி வந்தது. ஆட்காட்டி இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு, அதை வேறு பக்கம் கூட்டிப் போனது. கீரி பாதி வழியில் நின்றது.

"இவ்வளவு பாடுபடுகிறாயே, எதற்கு? முட்டைக்கா?"

"முட்டை இல்லை. முயல் தந்த காசு" என்றது ஆட்காட்டி. பொய் சொல்லிப் பழக்கம் இல்லையே.

கீரிக்குக் காசில் ஆசை இல்லை. ஆனால் கேட்டதைச் சொல்வதில் ஆசை உண்டு. சேதி காடெல்லாம் போனது.

பள்ளத்துப் புல்லில் படுத்திருந்த முயலுக்கு ஆட்காட்டியின் கத்தல் நாள்தோறும் கேட்கும். "அக்கா விழித்திருக்கிறாள். காசு பத்திரம்" என்று நினைத்துக் கண்ணை மூடும். அதன் ஆயுளில் அப்படி நிம்மதியாகத் தூங்கியதே கிடையாது.

மேகம் கறுத்தது. இன்னும் ஒரே ஒரு காசு சேர்ந்தால் வளைக்குப் போதும். அன்று பொழுது சாயும் நேரத்தில் முள்ளம்பன்றி திட்டுக்கு வந்தது.

"கிட்டே வராதே" என்று ஆட்காட்டி ஆரம்பித்தது.

முள்ளம்பன்றி காதைத் தீட்டிக்கொண்டது. இடப்பக்கம் நகர்ந்தது, கத்தல் தணிந்தது. வலப்பக்கம் நகர்ந்தது, கத்தல் ஏறியது. ஈச்சம்புதரை நெருங்கியபோது ஆட்காட்டியின் தொண்டையே கிழிந்துவிடும்போல் இருந்தது. முள்ளம்பன்றி மூக்கை நீட்டிக் குடுக்கையை வெளியே இழுத்தது.

ஆட்காட்டி பாய்ந்து கொத்தியது. கொத்திய இடமெல்லாம் முள். நெஞ்சில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

"அது முயலின் காசு. உன்னிடம் கொடுக்கத்தான் சேர்த்து வைத்திருக்கிறது."

"என்னிடம் வரவேண்டிய காசுதானே? வந்துவிட்டது" என்றது முள்ளம்பன்றி.

"அப்படியென்றால் வளை தோண்டிக் கொடு."

"கொடுத்த காசுக்குத்தான் வளை. கிடைத்த காசுக்கு இல்லை."

காலையில் முயல் கடைசிக் காசை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. நடந்ததைக் கேட்டதும் காசு வாயிலிருந்து நழுவி விழுந்தது. முள்ளம்பன்றியிடம் ஓடிக் காலைப் பிடித்தது. "நீ என் முன்னால் வைத்தாயா? இல்லையே" என்று சொல்லிவிட்டு அது உள்ளே போய்விட்டது.

ஆட்காட்டி மேட்டுக்குப் பறந்துபோய்த் தானே தோண்டப் பார்த்தது. அந்தக் குச்சிக் காலால் நெல்லிக்காய் அளவுக்குத்தான் பள்ளம் விழுந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முயலுக்கும் நேரம் வந்துவிட்டது. பழைய பள்ளத்துப் புல்லிலேயே குட்டிகள் பிறந்தன. ஓடையும் பழைய வழியிலேயே வந்தது.

மழை விட்ட பிறகு முயல் தனியாக உட்கார்ந்திருந்தது. ஆட்காட்டி பக்கத்தில் போய் நின்று அழுதது.

"என்மேல் கோபப்படாதே. நான் கண்ணயரவே இல்லை. அவன் வந்தபோதுகூடத் தொண்டை கிழியக் கத்தினேன்."

"கேட்டேன் அக்கா. அதைக் கேட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்" என்றது முயல்.

நீதி: தவளை கத்தினால் தான் மட்டும் கெடும், காவல்காரன் கத்தினால், நம்பிக் கொடுத்தவர் கெடுவார்.