மூணாவது சுத்துக்கு ஏங்கின கல்

வேங்கைமலைன்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. எப்போன்னு கேக்காதீங்க, ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி! அந்த ஊர் இளவரசி நாச்சி. அவளைப் பெண் கேட்டு வந்து, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டுப் போனவன் கூகையன்னு ஒரு மந்திரவாதி. கறுவிக்கிட்டே திரிஞ்சான்.

நாச்சியோட தம்பி மருதவேல் போர்ல ஜெயிச்சு வந்தான். ஊர்க்கண்ணு பட்டிருக்குமேன்னு, நாச்சி அவனை வாசல்ல நிக்க வச்சுப் பூசணிக்காய் சுத்தினா. ஒண்ணு ஆச்சு. ரெண்டு ஆச்சு. மூணாவது சுத்துக்குள்ள கூகையன் கழுகா வந்து தலைக்கு மேலே அலறினான். நாச்சி பதறிக் கையை விட்டுட்டா. காய் கீழே விழணுமில்லையா? விழலையே! ஜிவ்வுன்னு வானத்துக்கு ஏறிக் கல்லா மாறிடுச்சு.

அன்னைக்கிலேருந்து அந்தக் கல் சூரியனைச் சுத்துது. வருஷத்துக்கு ஒருதரம் பூமியை உரசுற மாதிரி வரும், நிக்காமப் போயிடும். தம்பிக்கும் அதே கதி. கோட்டையைச் சுத்திச் சுத்தி நடக்குறான். நடந்துகிட்டே சாப்பாடு, நடந்துகிட்டே தூக்கம்.

"அக்கா, கால் நிக்க மாட்டேங்குதே!"

முதல் வருஷம் கல் வந்தப்ப வீரருங்க அம்பு விட்டாங்க. நிக்கலை. ரெண்டாம் வருஷம் மேளம் கொட்டிக் கும்பிட்டாங்க. நிக்கலை. மூணாம் வருஷம் தம்பி எலும்பும் தோலுமா ஆயிட்டான். இன்னொரு வருஷம் தாங்க மாட்டான்.

அந்தத் தடவை கல் கிட்ட வந்தப்ப, நாச்சி மலை உச்சிக்கு ஏறிக் கத்தினா. "ஏ கல்லே! உனக்கு என்னதான் வேணும்?"

"மூணு சுத்த வேண்டியதை ரெண்டோட விட்டவ நீதானே? நான் எப்படி நிப்பேன்?"ன்னுச்சு கல்.

நாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஆமா, தப்பு என்னோடதுதான். வெட்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லலை. வா, முடிக்கிறேன்."

"முச்சந்தியில உடைக்கிற வரைக்கும் திரும்பிப் பார்க்காதே. பார்த்தா தம்பி உனக்கில்லை."

கல் சுருங்கிப் பூசணிக்காயா அவ கையில வந்து உட்கார்ந்துச்சு. மலையிலேருந்து இறங்கி வந்து, நிக்காம நடக்குற தம்பி கூடவே ஓடி ஓடி, மூணாவது சுத்தை முடிச்சா. அப்படியே முச்சந்திக்கு ஓடினா.

கூகையன் விடுவானா? "நாச்சி, கோட்டை எரியுது!"ன்னான் பின்னால. திரும்பலை. "நாச்சி, உங்கப்பா மயங்கி விழுந்துட்டார்!"ன்னான். திரும்பலை. அப்புறம் பாவி, தம்பி குரல்லயே கூப்பிட்டான். "அக்கா, செத்துருவேன் போலிருக்கு. ஒரே ஒருதரம் என்னைப் பாரேன்!"

நாச்சி ஓன்னு அழுதா. அழுதுகிட்டே ஓடினா. முச்சந்தி வந்ததும் போட்டா பாருங்க ஒரு போடு!

சிதறின துண்டு ஒண்ணு கூகையன் கால்ல தெறிச்சுது. அவ்வளவுதான், அந்த நடை அவனைப் பிடிச்சுக்கிச்சு. நடந்து நடந்து நாட்டை விட்டே போயிட்டான்.

நாச்சி கால் கழுவிட்டு உள்ளே வந்தா. மருதவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையை முன்னால இழுத்துக்கிட்டிருந்தான்.

"அக்கா, சோறு போடு. இதையாவது பாதியில விட்டுடாதே!"