நாலு துண்டு புக்கிங்

"டிக்கெட் புக் பண்ணிட்டேம்மா" என்று திருப்பூரிலிருந்து போனில் வாய் கூசாமல் சொன்னவனே, எங்கேடா அந்த டிக்கெட்? உன் பேச்சை நம்பிய உன் அம்மா ஒச்சம்மா, பேரப்பிள்ளையின் முகத்தை இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்காத ஏக்கத்தோடு, தீபாவளிக் கூட்டத்தில் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இடிபட்டு நின்றாள்.

திருப்பூர் பஸ் வந்ததும், கட்டட காண்ட்ராக்டர் சௌந்தரபாண்டி ஜன்னல் வழியாக நாலு சீட்டில் நாலு துண்டை வீசிவிட்டு டீக்கடைக்கு நடந்தார். ஆள் என்னவோ ஒருத்தர்தான். மீதி சீட்டெல்லாம் காலை நீட்டிப் படுக்க.

ஒச்சம்மா டீக்கடைக்கே போனாள். "ஐயா, முழங்கால் வலி. ஒரு சீட்டு மட்டும் விடுங்களேன்."

"இதுக்குப் பேரு புக்கிங். என் துண்டு எங்க கிடக்கோ அதுதான் என் சீட்டு. கலெக்டரே வந்தாலும் மாத்த முடியாது. வெளங்குச்சா கெழவி?"

"நல்லா வெளங்குச்சுய்யா."

அவர் டீயை ஆற்றிக் குடித்துவிட்டு வந்தபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மற்ற சீட்டிலும் ஆட்கள்.

"என் துண்டெல்லாம் எங்கே?"

"பக்கத்துல நிக்கிற கம்பம் பஸ்சுல, நாலு சீட்டுல விரிச்சு வச்சிருக்கேன். துண்டு கிடக்கிற எடந்தானே உங்க எடம்? வெரசாப் போங்க, யாராச்சும் உக்காந்துரப் போறாக."

பஸ்ஸே சிரித்தது. அவர் துண்டை எடுக்க ஓட, கண்டக்டர் விசில் ஊதினார்.

ஒச்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளை இந்நேரம் நடை பழகியிருக்குமோ, தன்னைக் கண்டால் அழுமோ என்று இருட்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டேய், அவள் வந்துகொண்டிருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதாவது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லடா!